நாய் முன்னே நடந்த காடு

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், குடும்பிமலையைப் பார்க்கச் சென்றேன். கிரானில் இறங்கி, பாதி வழி மாட்டு வண்டியிலும் மீதி வழி கால்நடையாகவும் மேற்கே போன பயணம் அது. வழிகாட்ட வந்தவர் ஒரு பட்டிக்காரர். அவருடைய மாடுகள் அந்தப் பக்கத்து மேய்ச்சல் தரையில் நின்றன. அவருக்கு முன்னால், செம்மண் நிறத்தில், விலா எலும்புகள் தெரிய ஒரு நாய் நடந்தது. அதன் பெயரென்ன என்று கேட்டேன்.

"அதுக்கென்ன பேரு மனே, நாய்தான்" என்றார்.

மலையடிவாரத்துப் பாறைத் தொடரில் ஒரு குகை வாயில் தென்பட்டது. பத்திரிகைக்காரனுக்குரிய அவசரத்தோடு நான் அதை நோக்கிப் போனேன். நாய் நின்றுவிட்டது. குரைக்கவில்லை. முதுகு மயிர் எழுந்து, தொண்டைக்குள் உறுமியது. பட்டிக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "பொறுங்க, உள்ளுக்குக் கரடி கிடக்கும்" என்றார். பாறைக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி இருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை; இரண்டு சுருட்டுகள் புகைக்கும் நேரம். பிறகு நாய் தானாகவே எழுந்து, மூக்கைத் தரையில் வைத்தபடி உள்ளே போய், வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அதன் பிறகே நாங்கள் போனோம். உள்ளே வௌவால் எச்சமும், எப்போதோ யாரோ மூட்டிய அடுப்பின் சாம்பலும் இருந்தன. குகைக்குப் பின்புறம் மழைநீர் பாறை முகட்டிலிருந்து வழிந்து ஒரு சுனையில் விழும் ஓசை கேட்டது. அதையும் நாய்தான் முதலில் கண்டுபிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குகையைப் பற்றி அன்று நான் எதுவும் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஆனால் பின்னர் மட்டக்களப்பின் மேற்குக் காடுகளைப் பற்றி வெளிவந்த நூல்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது ஒரு விடயம் எனக்கு உறுத்தத் தொடங்கியது. குகைகளைக் 'கண்டுபிடித்த' ஒவ்வொருவரும் ஒரு வேடனின் பின்னால் நடந்துதான் அங்கே போயிருக்கிறார். அந்த வேடனோ ஒரு நாயின் பின்னால் நடந்திருக்கிறான். கண்டுபிடித்தவரின் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. இக்கட்டுரை மற்ற இருவரையும் பற்றியது.

மட்டக்களப்பு என்றால் வாவியும் பாடும் மீனும் என்று நினைப்பவர்களுக்கு முதலில் நில அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய மணல் திட்டு எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. படுவான்கரையில் வயல் வட்டைகள், போடியார்களின் களங்கள், குளங்கள். உன்னிச்சை, உறுகாமம், கரடியனாறு, புல்லுமலை என்று மேற்கே போகப் போக வயல் குறைந்து காடு கூடும். காட்டுக்குள் தனித்தனிப் பாறைக் குன்றுகள், கவிழ்த்த பானைகளைப் போல நிற்கும். அதற்கும் அப்பால் மகாஓயா, பிபிலை, நில்கல. அங்கேதான் ஊவா மலைகள் தொடங்குகின்றன. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதி இந்த நிலம் முழுவதையும் ஊடறுத்துச் செல்கிறது.

பதுளைப் பக்கத்துத் துன்ஹிந்தவைப் போல வருடம் முழுவதும் விழும் அருவி எதுவும் மட்டக்களப்புச் சமவெளியில் கிடையாது. இங்குள்ளவை மாரிக்கால அருவிகள். ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை பாறைகளின் மேல் கொட்டி, கறுப்புக் கோடுகள் போட்டுக்கொண்டு வழியும். மழை விட்டுச் சில வாரங்களில் அவை வற்றிவிடும். எஞ்சுவது பாறைக் குழிகளில் தேங்கிய சுனை நீர். கோடையில் இக்காட்டில் உயிர் வாழ்வதென்பது எந்தப் பாறையில் எந்தச் சுனை எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்குத்தான். மேற்கே சென்றால் பட்டிப்பளை ஆறு இருக்கிறது. சிங்களத்தில் கல்லோயா என வழங்கும் இந்த ஆறு, மக்கர என்னுமிடத்தில் பெரும் பாறைகளின் அடியால் புகுந்து செல்கிறது. கோடையில் விலங்கும் வேடனும் கூடிய இடங்கள் இத்தகைய ஆற்றங்கரைகளே. மாரியில் வேடர்கள் மேட்டுப் பாறைகளின் குகைகளுக்கு ஏறிவிடுவார்கள். ஆக, குகையும் நீர்வழியும் அவர்களுக்குப் பார்த்து வியக்கும் காட்சிகள் அல்ல. ஒரே ஆண்டின் இரண்டு வீடுகள்.

இந்த வாழ்க்கையில் நாயின் இடம் என்ன? காட்டு வேடனிடம் வில், அம்பு, கோடரி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இருந்த ஒரே வளர்ப்பு உயிர் நாய்தான். அவன் முக்கிய உணவுகளில் ஒன்று உடும்பு. உடும்பு பொந்துக்குள் புகுந்துவிட்டால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாயின் மூக்குக்குத் தெரியும். அம்பு பட்ட மான் உடனே விழுவதில்லை. இரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் போகவும் நாய்தான் வேண்டும். குகைக்குள் கரடி கிடக்கிறதா, சிறுத்தை கிடக்கிறதா என்று சொல்வதும் அதன் வேலை. இலங்கைக் காட்டில் மனிதனை அதிகம் கிழித்த விலங்கு கரடி என்பதை வைத்தியசாலைகளில் முகம் சிதைந்து கிடந்த தேன் எடுப்பவர்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் நாய் ஆபத்தையும் கொண்டுவரும். யானையைக் கண்டு குரைத்துவிட்டு, அது துரத்தியதும் நேரே எசமானிடம் ஓடிவரும் நாயால் உயிர்விட்டவர்கள் உண்டு. அதனால்தான் காட்டுக்குப் பழகிய நாய் குரைப்பதில்லை. குடும்பிமலையில் நான் கண்ட நாய் உறுமியதோடு நிறுத்திக்கொண்டதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சொல்லையும் கவனியுங்கள். பழந்தமிழில் நாய்க்குக் குக்கல் என்றொரு பெயர் உண்டு. சிங்களத்தில் நாய்க்குட்டி குக்கா. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற வழக்கை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

வெளியாரின் எழுத்துக்கு வருவோம். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றி எழுதுகிறார். அம்புத் தலை தேவைப்பட்டால் வேடன் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிட்டுப் போவானாம். கொல்லன் செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் அம்பு வரும்! காட்டிலும் அவர்களுக்குள் எல்லை பிரித்திருந்தார்கள் என்பதையும் நொக்ஸ் குறிப்பிடுகிறார். 'எவருக்கும் சொந்தமில்லாத காடு' என்ற பிற்கால அரசாங்கச் சொற்றொடர் எவ்வளவு பொய் என்பதற்கு இதுவே போதும்.

அடுத்து, குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1848இல் மட்டக்களப்புக்கு வந்து வாவியில் பாடும் மீனின் ஒலியைக் கேட்டவர் இவர்தான். 1859இல் வெளியான அவருடைய பெரும் நூலில் மட்டக்களப்பு வேடர்கள் வருகிறார்கள். பாறை வேடர், கிராம வேடர், கரையோர வேடர் என அவர்களை வகுக்கிறார். அவருக்கு முன்பே உதவி அரசாங்க அதிபராக இருந்த அதர்ட்டனும், வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த ஸ்ரொட் பாதிரியாரும் வேடர்களைக் காட்டிலிருந்து இறக்கிக் குடியிருத்த முயன்றிருந்தார்கள். வீடு, விதை, உடை, ஞானஸ்நானம் என்று எல்லாம் கிடைத்தன. பலர் சிறிது காலத்தில் காட்டுக்கே திரும்பிவிட்டார்கள். ரெனன்றுக்கு இது பெரும் புதிர். அவர் வேடர்களைப் பார்த்தது அவர்களைத் தம் முன்னே அழைப்பித்து. குகைக்கு நடந்து போய்ப் பார்த்திருந்தால் புதிர் சற்று அவிழ்ந்திருக்கும்.

நடந்து போனவர்கள் பின்னர் வந்தார்கள். சிவில் சேவையில் இருந்து கொண்டே ஏடுகளையும் கற்களையும் சொற்களையும் சேகரித்த ஹியூ நெவில், 1885 முதல் 1888 வரை தாம் நடத்திய 'தப்ரபேனியன்' சஞ்சிகையில் வேடரைப் பற்றி விரிவாக எழுதினார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் இரு விஞ்ஞானிகள் 1883 தொடக்கம் 1886 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்தனர். அவர்கள் 1907இல் மீண்டும் வந்து, பட்டிப்பளை ஆற்றின் மேல் பள்ளத்தாக்கிலுள்ள நில்கல குகையைத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் படிகக் கல்லாலான சிறு கருவிகள் கிடைத்தன. இலங்கையில் கற்காலம் ஒன்று இருந்தது என்பதை உலகின் முன் வைத்த அகழ்வுகளில் இதுவும் ஒன்று. முடிவுகளை அடுத்த ஆண்டே நூலாக்கினார்கள்.

இதே நில்கல குகையிலும், பலாங்கொடைப் பக்கத்துப் பெல்லன்பந்தி பலஸ்ஸவிலும்தான், இலங்கையில் வளர்ப்பு நாய் இருந்ததற்கான மிகப் பழைய உறுதியான சான்று கிடைத்துள்ளதாக இலங்கைத் தொல்வரலாற்றின் பெரும் அறிஞர் சிரான் தெரணியகல எழுதியிருக்கிறார். காலம் ஏறத்தாழ கி.மு. 4500. விஜயன் வருவதற்கும், எல்லாளன் வருவதற்கும், நாம் யார் முதலில் வந்தோம் என்று சண்டை பிடிப்பதற்கும் நாலாயிரம் ஆண்டுகள் முன்னதாக, மட்டக்களப்பின் மேற்குக் காட்டில் ஒரு மனிதனும் ஒரு நாயும் ஒரு குகையில் கூடியிருந்திருக்கிறார்கள்.

எல்லோரையும் விட ஆழமாகப் போனவர்கள் செலிக்மன் தம்பதியர். சார்ள்ஸ் காப்ரியல் செலிக்மன் மருத்துவராக இருந்து மானிடவியலாளரானவர். பிரெண்டா அவருடைய மனைவி. 1907ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து 1908இல் வேடர் நாட்டில் அலைந்தார்கள். 1911இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'தி வெத்தாஸ்' அந்தப் பயணத்தின் விளைவு. ஹெனபெத்தவுக்கு அருகில் பெண்டியாகல்கே குகைகளில் தங்கினார்கள். அவற்றைத் தோண்டியும் பார்த்தார்கள். அங்கும் படிகக் கல் சில்லுகள் கிடைத்தன. மெழுகு உருளைகளில் வேடர் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த உருளைகள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. மூதாதையர் ஆவிகளை அழைக்கும் சடங்குகள், வேட்டைக்குத் துணை நிற்கும் கந்தே யக்காவுக்கான ஆட்டம் ஆகியவற்றை நேரில் கண்டு எழுதினார்கள். முந்தியவர்களைப் போலன்றி, தமக்குச் சொன்னவர்களின் பெயர்களையும் எழுதினார்கள். சீத்தல வன்னியவின் ஹந்துனா இன்று நமக்குத் தெரிவது அவர்களால்தான். இதற்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் வருகிறார்கள் என்றால், கோவணமும் வில்லுமாக வந்து 'காட்டு மனிதராக' நின்று காட்டப் பழகிய வேடர்கள் அப்போதே இருந்தனர். தம்பானையில் புகைப்படக் கருவிகளோடு நம்மவர் கூட்டம் கூடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கங்கள் நினைவுக்கு வரும். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களாகிய நாங்களும் அதற்குத் துணை போயிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வில் இல்லாமல் எடுத்த வேடரின் படத்தை எந்த ஆசிரியரும் முதற்பக்கத்தில் போட்டதில்லை.

செலிக்மன் நூலில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது குகைச் சுவர்ச் சித்திரங்கள் பற்றிய பகுதி. சில குகைகளின் சுவர்களில் எளிய கோட்டுருவங்கள் இருந்தன. மனிதர், யானை, மான், சிறுத்தை, இவற்றோடு நாய். இவற்றை வரைந்தவர்கள் ஆண்கள் அல்லர், பெண்கள். வேட்டைக்குப் போனவர்கள் திரும்பும் வரை குகையில் காத்திருக்கும் நேரத்தில், அடுப்புச் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் தேய்த்து வரைந்திருக்கிறார்கள். எவ்வித மந்திரமோ வழிபாடோ இல்லை. பொழுதுபோக்கு என்றே சொன்னார்களாம்.

எனக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை. காலையில் போன ஆள் இருட்டியும் வரவில்லை. கரடியா, யானையா, பாறையில் தேன் எடுக்க இறங்கிய கொடி அறுந்ததா என்பது தெரியாது. கொடியில் தொங்கிப் பெருந்தேனீக் கூட்டை வெட்டும் தொழிலில் அது நடக்கக் கூடியதே. முதலில் திரும்பி வருவது பெரும்பாலும் நாய். அது தனியாக வந்தால் செய்தி ஒன்று. பின்னால் ஆள் வந்தால் செய்தி வேறு. அந்தப் பெண்களின் விரலில் நாய் வந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. ஆய்வாளர் எழுதாததை நான் ஊகிக்கிறேன் என்று கொள்க.

இந்தக் குகைகளில் பலவற்றுக்கு வேறொரு வரலாறும் உண்டு. குகை வாயிலின் மேல், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி, பாறையில் ஒரு வெட்டு ஓடும். அதன் கீழே சில இடங்களில் பிராமி எழுத்தில் கொடையாளர் பெயர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கித் துறவிகளுக்குக் குகைகள் கொடுக்கப்பட்ட காலத்தவை இவை. அம்பாறைப் பக்கத்து இராசகலையில் அவை கூட்டமாக உள்ளன. கரடியனாற்றை அடுத்த குசலானமலையிலும் உண்டு. பேராசிரியர் பரணவிதான 1970இல் வெளியிட்ட சாசனத் தொகுதியில் அம்மலையின் எழுத்துகள் இடம்பெற்றுள்ளன. அதே குசலானமலையில் முருகனை வழிபடும் தமிழர்களும் இருக்கிறார்கள். ஆகவே சண்டைக்குக் குறைவில்லை. 2020 யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை என்பது பெரும் கண்டனத்துக்குள்ளானது. கண்டனம் நியாயமானது. நானும் கண்டித்தேன்.

ஆனால் இரு தரப்பு அறிக்கைகளையும் அடுக்கி வைத்துப் படித்தபோது ஒரு குறை தெரிந்தது. துறவி போன பிறகு, கோயில் வருவதற்கு முன், பல நூற்றாண்டுகள் அந்தக் குகைகளில் படுத்தெழுந்தவன் வேடன். அவன் கல்வெட்டு வைக்கவில்லை. சாம்பலில் வரைந்தது மழைக்காற்றில் போய்விடும். எழுதி வைத்தவனுக்கே உரிமை என்று இரு தரப்பும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

நம் மட்டக்களப்பு நூல்கள் அவனை முற்றாக மறந்துவிடவில்லை. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வீ.சீ. கந்தையாவின் 1964ஆம் ஆண்டு நூலான 'மட்டக்களப்புத் தமிழகம்' இரண்டிலும் வேடர் வருகிறார்கள். மண்டூர் முருகன் கோயிலின் ஐதிகத்தில் வேலைக் கண்டெடுத்து வழிபட்டவர்கள் வேடர்கள். வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் இன்றும் வாழ்கிறார்கள். குமார தெய்வ வழிபாடு இன்னும் இருக்கிறது. கோயில் கதையில் வேடனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, வயல் உறுதியில் அவன் பெயரை எழுதாமல் விட்டவர்கள் நாம்.

வேடன் நாயோடு நடந்த வழி எப்படி மூடப்பட்டது என்பதுதான் இனிச் சொல்ல வேண்டியது. சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு, 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பனி இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியது. சுமார் 30 சதுர மைல் பரப்பில் நீர் நிறைந்து, சேனநாயக்க சமுத்திரம் என்ற பெயரைப் பெற்றது. மக்கள் தொகையும் இன விகிதமும் மாறின. 1956இல் அங்கே இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் இவற்றை நிறைய எழுதிவிட்டன. எழுதாமல் விட்டது ஒன்று. அந்த நீருக்கு அடியில் போனது வெறும் காடல்ல. கோடையில் விலங்கு கூடிய ஆற்றுத் தாழ்வு, வேடரின் ஆண்டில் பாதி, அங்கே மூழ்கியது. மேலே மாரிக்கால வீடு எஞ்சியது. கீழே கோடைக்கால வீடு இல்லை. குடும்பங்கள் சிதறி இரத்துகல, பொல்லெபெத்த என ஆங்காங்கே ஒதுங்கின.

வைத்தியர் ஆர்.எல். ஸ்பிற்றல் இந்த மாற்றத்தைக் கண்ணால் கண்ட மனிதர். கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர். விடுமுறை கிடைத்தால் வேடர் நாட்டில். 1924இல் தொடங்கி அவர் எழுதிய நூல்கள் பல. 1950இல் வெளிவந்த நூலுக்கு 'மறைந்துபோன தடங்கள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது.

சமுத்திரத்தைச் சுற்றியிருந்த காடு 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவாகியது. மாதுறு ஓயாப் பக்கம் 1983 நவம்பரில் பூங்காவாகியது. வேட்டையும் தேனெடுப்பும் குற்றங்களாயின; நாயோடு உள்ளே போக அனுமதியில்லை. தம்பானையின் தலைவர் ஊறுவரிகே திசாஹாமி காட்டை விட்டுப் போக மறுத்து அங்கேயே இருந்து 1998இல் காலமானார். அவர் மகன் வன்னியலத்தோ 1996இல் ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் கூட்டத்தில் முறையிட்டார்.

காட்டுயிரைக் காக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. துப்பாக்கியும் கட்டுத்துவக்கும் வந்த பிறகு மானும் மரையும் அழிந்த வேகத்தை நான் அறிவேன். நாய்கள் காட்டு விலங்குகளுக்கு நோய் பரப்பும் என்பதும் உண்மை. ஆயினும் ஆறாயிரம் ஆண்டுகளாக அக்காட்டில் நடந்த இரு சோடிக் கால்தடங்களை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் அத்துமீறலாக்கியபோது, அவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பிறகு போர். காட்டுக்குள் போவதற்கே எல்லோரும் அஞ்சிய ஆண்டுகள் அவை. குகைகளுக்கு வேறு பயன்கள் வந்தன. 2007 யூலை 11ஆம் திகதி குடும்பிமலையைக் கைப்பற்றியதாக இராணுவம் அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் அதைத் தொப்பிகல என்று எழுதின. நம்மவர் கண்ணுக்கு அந்தப் பாறை குடும்பி முடிந்த தலை. சிங்களவர் கண்ணுக்குத் தொப்பி. ஆங்கிலேயர் தங்கள் வரைபடத்தில் 'பிரபுவின் தொப்பி' என்று போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் தலையில் இருந்ததைப் பாறையின் தலையில் வைத்தார்கள்.

போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2012இல், கிரானுக்குப் போனேன். பழைய பட்டிக்காரரைத் தேடினேன். இடப்பெயர்வின்போது முகாமில் இறந்துவிட்டார் என்றார்கள். மாடுகள் சிதறிப் போயிருந்தன. அவருடைய மகன் புதிதாகப் பட்டி சேர்த்துக்கொண்டிருந்தார். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளைப் பற்றிக் கவலையோடு பேசினார். 2023 செப்ரெம்பரில் அந்தத் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கியபோது அவர் முகம்தான் என் மனதில் வந்தது.

குகை பற்றிக் கேட்டேன். தகப்பனோடு சிறுவயதில் போனது நினைவிருந்தது. சுனை எங்கே இருந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மாரியில் தண்ணீர் வழிவதைத் தூரத்திலிருந்து காணலாம் என்றார்.

"இப்ப நல்ல றோட்டு இருக்கு ஐயா. மோட்டார் சைக்கிள்ள அடிவாரம் மட்டும் போகலாம்."

"நாயைக் கொண்டுபோறதில்லையா?" என்று கேட்டேன்.

அவர் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். செம்மண் நிறத்தில் ஒன்று, மோட்டார் சைக்கிளின் நிழலில் படுத்துக் கிடந்தது.

"அது பின்னால ஓடி வந்து பாக்கும். பாலத்தடியோட நிண்டிரும்."